மாசி, பங்குனி விடியலில் கொல்லைப்புறப் பறவைகள்: ஒரு கேள்விக்கு விரிவான பதில்

தைப்பூசம் முடிந்ததிலிருந்து பினாங்கின் குளுகோரில் உள்ள உங்கள் வரிசை வீட்டின் பின்புறத்தில் விடியற்காலைப் பறவைச் சத்தம் கூடிவிட்டது என்றும், ஐந்து மணிக்கே குயில் எழுப்பிவிடுகிறது என்றும், பின்சந்துக் கம்பிவேலியில் அக்டோபர் முதல் ஒரே இடத்தில் வந்து உட்காரும் பழுப்புநிறப் பறவை எதுவென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வசந்தமே இல்லாத ஊரில் இது எப்படி நடக்கிறது, இந்தப் பறவைகளை எப்படி இனங்காண்பது, இவற்றுக்குச் சோறு வைக்கலாமா என்பவை நீங்கள் வரிசையாகக் கேட்டவை. இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாக நான் பார்க்கவில்லை. வடக்கு நாடுகளில் வசந்தம் தொடங்கும் அதே வாரங்களில் நம் கொல்லைப்புறத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதே உங்கள் கேள்வியின் அடிப்படை. பல ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்து, அதைவிட நீண்ட காலம் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெழுதி வருபவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஐயமின்றி நிறுவப்பட்டதை ஒரு பக்கமும், ஊகமாக மட்டுமே சொல்லத் தக்கதை இன்னொரு பக்கமும் வைக்க முயல்கிறேன். எழுத்தில் வரும் வருணனையைக் கொண்டு பறவையை இனங்காண்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நமக்கு வசந்தம் இல்லை என்பது சரியே. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 38 நிமிட வேறுபாடுதான். கோலாலம்பூரில் அது இன்னும் குறைவு. வடக்கே ஐம்பதாவது பாகையில் உள்ள நாடுகளிலோ பகல்பொழுது 8 மணி நேரத்திலிருந்து 16 மணி நேரம் வரை நீள்கிறது. பனி உருகி, மரம் துளிர்த்து, பூச்சிகள் ஒரேயடியாகப் பெருகுகின்றன. அப்படியொரு திருப்பம் நம் ஊரில் கிடையாது. ஆனால், பறவைகளுக்கு இங்கே பருவமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. தீபகற்ப மலேசியாவின் தாழ்நிலப் பறவைகளில் பெரும்பாலானவை ஆண்டின் முதற்பாதியில்தான் கூடு கட்டுகின்றன. மார்ச் முதல் மே வரை அது உச்சத்தில் இருக்கும். கூடு கட்டத் தொடங்கும் ஆண் பறவை தன் எல்லையைக் காக்கவும் துணையைத் தக்கவைக்கவும் பாடுகிறது. ஆகவே தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இடைப்பட்ட வாரங்களில் விடியல் சத்தம் கூடியிருப்பதாக நீங்கள் உணர்ந்தது சரியான கவனிப்பு. இதே வாரங்களில்தான் வடக்கிலிருந்து வந்து தங்கியிருந்த விருந்தாளிப் பறவைகளும் திரும்பிப் போக ஆயத்தமாகின்றன. ஊர்ப் பறவைகளின் கூடுகட்டும் பருவமும் வெளியூர்ப் பறவைகளின் பயணப் பருவமும் ஒரே வேலியில் சந்திக்கும் காலம் இது.

பகல்நீளம் இவ்வளவு குறைவாக மாறும் இடத்தில் ஒரு பறவைக்குப் பருவம் எப்படித் தெரிகிறது என்பது நல்ல கேள்வி. இதற்கான விடையில் உறுதியானதும் உறுதியற்றதும் கலந்திருக்கின்றன. பனாமாக் காட்டில் வாழும் புள்ளி எறும்புப் பறவையிடம் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பகல்பொழுது 17 நிமிடம் நீண்டதற்கே அதன் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின. ஆக, வெப்பமண்டலப் பறவையால் நிமிடக்கணக்கிலான மாற்றத்தையும் அளக்க முடியும் என்பது நிறுவப்பட்ட செய்தி. ஜெர்மானிய அறிவியலாளர் எபர்ஹார்ட் குவின்னர் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வுகளில், கதிர்க்குருவிகளை நாளுக்கு 12 மணி நேர வெளிச்சமும் 12 மணி நேர இருளும் மாறாமல் இருக்கும் அறைகளில் வளர்த்தார். வெளியுலகக் குறிப்பு எதுவும் இல்லாத நிலையிலும் அவை உரிய காலத்தில் இறகுதிர்த்தன; பயணக்காலம் நெருங்கியதும் இரவில் அமைதியிழந்து சிறகடித்தன. பறவையின் உடலுக்குள்ளேயே ஏறக்குறைய ஓராண்டு சுழற்சியுள்ள ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது இதனால் தெரிந்தது. இவ்வளவும் உறுதி. நம் கொல்லைப்புறச் சின்னானும் தேன்சிட்டும் இதே வழியில்தான் காலம் அறிகின்றன என்பது பொருத்தமான ஊகமே தவிர நேரடியாக நிறுவப்பட்டதன்று. ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட வாரங்களுக்குப் பின் மழை திரும்பும்போது பூச்சிகள் பெருகுவதும் அவற்றின் கூடுகட்டும் காலத்தை நிர்ணயிப்பதில் பங்கு வகிக்கும் என்றே கருதுகிறேன். வறட்சி முடியும் வேளையில் சாலையோர அங்சானா மரங்கள் ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்து, மறுநாளே தரையெல்லாம் உதிர்ந்து கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பறவைகளும் அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் இருக்க வாய்ப்பில்லை.

இனி உங்கள் விடியலுக்கு வருவோம். மார்ச் தொடக்கத்தில் பினாங்கில் சூரியன் ஏறக்குறைய ஏழரை மணிக்குத்தான் எழுகிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். எனவே நீங்கள் ஐந்து மணிக்குக் கேட்பது விடியல் பாட்டு அன்று. அது முழு இருளில் எழும் குரல். ஒவ்வொரு கூவலிலும் சுருதி ஏறிக்கொண்டே போகும் அந்த 'கூ...ஊ' ஆண் குயிலுடையது. பளபளக்கும் கருமையும் சிவந்த கண்ணும் கொண்ட பறவை. பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளும் வரிகளும் கொண்டது. அது கூவுவதில்லை, 'கிக் கிக் கிக்' என்று விரைவாகக் கத்தும். முன்பு நம் நாட்டில் குயில் பெரும்பாலும் வருகைப் பறவையாகவே இருந்தது. காபித் தோட்டங்களில் புழுக்களைக் கட்டுப்படுத்துவதற்காக, ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்கு முன், இலங்கையிலிருந்து கிள்ளான் வட்டாரத்துக்குக் காகங்கள் கொண்டுவரப்பட்டன. அவை பெருகி நகரங்களில் நிலைபெற்ற பிறகு, காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயிலும் இங்கேயே தங்கி இனம்பெருக்கத் தொடங்கியது. உங்கள் உறக்கம் கலைவதற்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது. இன்னும் சில வாரங்களில், காகம் ஒன்று தன் சாயலே இல்லாத ஒரு குஞ்சுக்கு இரை ஊட்டுவதைக் கண்டால் அது குயில் குஞ்சுதான்.

அதே இருளில், பலகையில் சுத்தியலால் தட்டுவதுபோல் 'டொக்... டொக்... டொக்' என்று சீரான இடைவெளியில் ஒலி கேட்டால் அது பக்கி என்னும் இரவுப் பறவை. பகலில் சருகோடு சருகாகத் தரையில் படுத்திருக்கும் அதைக் காண்பது அரிது. குரலை வைத்தே அது இருப்பதை அறிய முடியும். ஆனால் ஜார்ஜ் டவுனிலோ பட்டர்வொர்த் பக்கமோ, ஒரு கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து விட்டுவிட்டுக் கீச்சொலி வந்துகொண்டே இருந்தால் அதைப் பறவைக்கூட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; உண்ணத்தக்க கூடு கட்டும் கூட்டு உழவாரன்களை ஈர்ப்பதற்காக ஒலிபெருக்கியில் போடப்படும் பதிவு அது.

ஆறரை மணியளவில், கிழக்கு வெளுப்பதற்குச் சற்று முன், பாட்டு தொடங்குகிறது. முதலில் பாடுவது பெரும்பாலும் குண்டுக்கரிச்சான். மலாய் அண்டைவீட்டார் அதை முராய் கம்போங் என்பார்கள். கூரை முகட்டிலோ தொலைக்காட்சி அலைவாங்கிக் கம்பியிலோ நின்று, கறுப்பு வெள்ளை வாலை மேலே நிமிர்த்தி, ஒரே சொற்றொடரைத் திரும்பப் பாடாமல் மாற்றி மாற்றி இனிமையாகச் சீழ்க்கையடிக்கும். கூண்டில் வைத்து வளர்ப்போர் இதைத் தேடிப் பிடித்ததால் இந்த வட்டாரத்தின் பல இடங்களில் இது அருகிப்போனது. உங்கள் முகட்டில் ஒரு ஜோடி இருந்தால் அதை மதிப்புக்குரியதாக எண்ணுங்கள். உரிமம் இல்லாமல் பாதுகாக்கப்பட்ட பறவைகளைப் பிடிப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை, கண்ணியோடு சுற்றுபவர் யாரேனும் பின்சந்தில் தென்பட்டால் நினைவில் கொள்ளுங்கள்.

குண்டுக்கரிச்சானை அடுத்து மஞ்சள்பிட்டச் சின்னான் வருகிறது. பழுப்பு முதுகு, வெண்புருவம், கண்ணின் ஊடே ஒரு கருங்கோடு, வாலடியில் எலுமிச்சை மஞ்சள் ஆகியவற்றைக் கொண்டு இதை எளிதில் அறியலாம். நம் கொல்லைப்புறங்களில் மிகப் பரவலான பறவை இதுவே. ஆளைக் கண்டால் அஞ்சாது. பூந்தொட்டியில்கூடக் கூடு வைக்கும். தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் தெருக்களில் கூட்டமாகத் திரியும் சிட்டுக்குருவி அங்குள்ள வீட்டுச் சிட்டுக்குருவி அன்று. கன்னத்தில் கறுப்புப் பொட்டும் செம்பழுப்பு உச்சந்தலையும் உள்ள மரச் சிட்டுக்குருவி இது. இதில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். மைனாக்களிலும் இரண்டு வகை உண்டு. கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் உள்ள பழுப்பு மைனா நாம் எல்லாரும் அறிந்தது. கருஞ்சாம்பல் உடலும் நெற்றியில் சிறு கொண்டையும் வாலடியில் வெண்மையும் உள்ளது ஜாவா மைனா, வளர்ப்புப் பறவையாக வந்து தப்பிப் பெருகியது. புறாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கழுத்தில் வெண்புள்ளிப் பட்டை இருந்தால் புள்ளிப்புறா, அதைவிடச் சிறியதாய் மார்பெல்லாம் வரியோடினால் மெர்போக்.

தேன்சிட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மார்ச் மாதத்தில் மிக நெருக்கத்திலிருந்து பார்க்கக் கிடைப்பது இதுதான். நம் கொல்லைகளில் அதிகம் வருவது மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டு. ஆணுக்குத் தொண்டையும் மார்பும் கருநீல மினுக்கம். பெண்ணுக்கு அடிப்பாகம் முழுவதும் மஞ்சள். வெயில் ஏறத் தொடங்கியதும் செம்பருத்திக்கு வரும். பூவின் வாய்வழியே அலகை நுழைக்காமல், பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு, புல்லிவட்டத்தை ஒட்டிய அடிப்பகுதியில் சிறு கீறல் இட்டுத் தேனை உறிஞ்சிவிடும். மறுநாள் உதிர்ந்து கிடக்கும் செம்பருத்தியை எடுத்து அடியில் பாருங்கள். ஊசியால் கிழித்ததுபோல் மெல்லிய பிளவு இருக்கும். பூவுக்கு மகரந்தச் சேர்க்கையில் எந்த உதவியும் செய்யாமல் தேனை மட்டும் கொண்டுபோகும் முறை இது. வாழைப்பூவில் மடல் விரியும் நேரத்திலும் முருங்கைப் பூவிலும் அவ்வாறன்றி முன்வழியாகவே அலகை நீட்டும்.

இதன் கூடு பெரும்பாலும் மனிதர் புழங்கும் இடத்திலேயே தொங்குகிறது: துணிக்கொடி, மின்கம்பி, தொங்குதொட்டியின் சங்கிலி, வாசல் விளக்கு. கட்டுவது பெண் பறவை. ஆண் உடன் பறந்து வரும், ஆனால் நார் கொண்டு வராது. முதலில் சிலந்தி நூலைக் கொண்டு கொடியில் ஒரு பிடிப்பை ஏற்படுத்தும். பிறகு காய்ந்த புல், பட்டை நார், சருகுத் துண்டு, புழுக்களின் எச்சம் எனக் கிடைத்ததையெல்லாம் அதே நூலால் ஒட்டிக் கீழ்நோக்கி வளர்க்கும். இப்படி நீளமாகத் தொங்கும் கட்டமைப்பின் நடுவில் உட்கார்ந்து, உடலை அழுத்திச் சுழன்று உள்ளறையைக் குடைந்தெடுக்கும். வாயில் பக்கவாட்டில் இருக்கும்; அதற்கு மேலே மழைநீர் உள்ளே போகாதபடி ஒரு சிறு தாழ்வாரம் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டி முடித்த பின் சில நாள் பறவை வராமல் இருப்பதும் உண்டு. கைவிட்டுவிட்டது என்று எண்ணிக் கூட்டை அகற்றிவிட வேண்டாம். பொதுவாக இரண்டு முட்டைகள். அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரம். ஆக, ஒரு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலம் அந்தக் கொடியில் துணி போடாமல் இருந்தால் போதும். கூட்டை வேறிடத்துக்கு மாற்றினால் தாய் வராமல் போக வாய்ப்பு மிகுதி. ஆகவே அதற்கு நான் யாருக்கும் உடன்பாடு சொல்வதில்லை. இதே காலத்தில் ஆண் தேன்சிட்டு காரின் பக்கக் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு போட்டியாளன் என்று எண்ணி மணிக்கணக்கில் மோதும். இரவோடு இரவாகக் கண்ணாடியை ஒரு துணிப்பையால் மூடிவிடுங்கள். அது வீணாகச் சோர்ந்துபோகாது.

உங்கள் வேலிப் பறவை குறித்து: கண்ணின் ஊடே அகன்ற கறுப்புப் பட்டை, பழுப்பு முதுகு, தடித்த அலகு, திறந்த இடத்தில் ஒரே கம்பியில் உட்காரும் பழக்கம், அக்டோபரிலிருந்து இருப்பது ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்கையில் அது பழுப்புக் கீச்சான் என்றே சொல்வேன். சைபீரியாவின் கிழக்குப் பகுதி, மங்கோலியா, வட சீனா ஆகிய இடங்களில் கூடு கட்டிவிட்டு, செப்டம்பர் முதல் இங்கே வந்து தங்கும் பறவை அது. இதில் நான் வைக்கும் ஐயம் ஒன்றுதான். முதுகில் மெல்லிய கறுப்பு வரிகள் நெருக்கமாக இருந்தால் அது வரிக்கீச்சானாக இருக்கலாம். ஆனால் அது திறந்த வேலியைவிட மர நிழலையே நாடும். எழுத்து வருணனையை மட்டும் கொண்டு இதற்குமேல் உறுதி சொல்ல முடியாது. முதுகைக் காட்டும் படம் ஒன்று கிடைத்தால் முடிவாகிவிடும்.

ஒரே இடத்தில் உட்காருவதற்குக் காரணம், குளிர்காலத்திலும் ஒவ்வொரு கீச்சானும் தனக்கென ஓர் எல்லையை வைத்துத் தனியாகக் காப்பதுதான். வந்த புதிதில், செப்டம்பர், அக்டோபரில், அது 'சக் சக் சக்' என்று கரகரப்பாகக் கத்துவதும் பிற கீச்சான்களை எச்சரிப்பதற்கே. காலில் வளையமிட்டு நடத்திய ஆய்வுகளில், அதே பறவை அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்பியது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் வளையம் இல்லாமல், உங்கள் வேலிக்கு வருவது சென்ற ஆண்டின் அதே பறவையா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அது இரை பிடிப்பதைக் கவனியுங்கள். கம்பியில் அசையாமல் இருக்கும். திடீரெனப் புல்லில் இறங்கி வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும். ஒரு காலால் அழுத்திப் பிடித்து, கடினமான கால்களையும் இறக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டு உடலை மட்டும் விழுங்கும். வேலிக்கு நேர்கீழே தரையில் தேடினால் அந்தத் துண்டுகள் கிடக்கும்.

இன்னும் ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு அவசரமில்லை, அது போகும் வடநிலத்தில் மார்ச் மாதத்தில் இன்னும் பனி கிடக்கிறது. ஏப்ரல் இறுதி வரையிலும், சில மே தொடக்கம் வரையிலும் இங்கே இருக்கும். புறப்படுவதற்கு முன் இறகுகள் புதுப்பிக்கப்பட்டு நிறம் தெளிவாகும். கரகரப்புக் குரலை விட்டு, தாழ்ந்த குரலில் பிற பறவைகளின் ஒலிகளைக் கலந்து தனக்குத்தானே பாடிக்கொள்வதையும் கேட்கலாம். பகலில் பறந்து செல்லும் காட்சியை எதிர்பார்க்க வேண்டாம். இவ்வகைச் சிறுபறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பயணம் செய்கின்றன. ஒரு நாள் காலையில் கம்பி காலியாக இருக்கும், அவ்வளவே. இந்த இரவுப் பயணத்தில்தான் ஆறுமணிக்குருவி போன்றவை ஒளிமிகுந்த கட்டடங்களில் மோதி விழுகின்றன. அப்படி ஒன்று கிடந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் சில மணி நேரம் விட்டு, தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பகலில் பயணம் செய்பவை வல்லூறு, பருந்து இனங்கள். சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் மலாக்கா நீரிணையைக் கடந்து போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவான் முனையில் கரையேறுவதைக் காண, மலேசிய இயற்கைக் கழகம் 2000 முதல் மார்ச் மாதத்தில் நிகழ்ச்சி நடத்திவருகிறது. கோலாலம்பூர் வாசகர்களுக்கு அது ஒரு நாளில் போய்வரக்கூடிய இடம். அங்கிருந்து அவை தீபகற்பத்தின் வழியே வடக்கே செல்வதால், நீங்கள் காலை பத்து மணிக்குமேல், வெப்பக்காற்று எழத் தொடங்கியதும், குன்றுகளுக்கு மேலே அண்ணாந்து பார்ப்பது நல்லது. பஞ்சுருட்டான்களிலும் இந்த மாற்றம் தெரியும். நீலவால் பஞ்சுருட்டான்களில் பெரும்பாலானவை விடைபெற, நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் கூடுகட்ட வந்து சேரும். வடமாநிலங்களில் நீலவால் பறவைகளில் சிலவும் தங்கிக் கூடுவைப்பதால் இதை மாறாத விதியாகக் கொள்ளக் கூடாது.

பார்க்கும் முறை பற்றி என் கருத்து இது: ஊர் ஊராகப் போவதைவிட, ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில், அடுத்தடுத்த நாள்களில் உட்காருவது பலமடங்கு கற்றுத்தரும். ஏழேகால் முதல் எட்டரை வரை போதும். பெயரைத் தேடும் முன் பறவை எங்கே உட்காருகிறது, எதைத் தின்கிறது, யாரை விரட்டுகிறது என்பதைப் பாருங்கள்; அளவும் நடத்தையும் தெரிந்த பிறகு பெயர் கண்டுபிடிப்பது எளிது. எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி கொல்லைக்குப் பொருத்தம். பத்து மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். குளிரூட்டிய அறையில் இரவு முழுவதும் வைத்திருந்த தொலைநோக்கியை வெளியே எடுத்தவுடன் நம் ஈரக்காற்றில் வில்லைகளில் நீராவி படிந்துவிடும், ஆகவே முந்தைய இரவே கூடத்தில் வைத்துவிடுங்கள். ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகள் உதவும். ஆனால் அவை தருவது ஒரு பரிந்துரை மட்டுமே, பறவையைக் கண்ணால் காணும் வரை அதைக் குறிப்பேட்டில் உறுதியாக எழுத வேண்டாம். வேலியில் கீச்சானைக் கடைசியாகக் கண்ட தேதியையும், செப்டம்பரில் மீண்டும் முதலில் கண்ட தேதியையும் மட்டும் ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். கார்னல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இ-பேர்ட் தளத்தில் அவற்றைப் பதிந்தால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

கடைசியாக, உணவு. சோறும் ரொட்டியும் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. குளிர்நாடுகளில் தோட்டப் பறவைகளுக்குத் தீனி வைப்பது பனிக்காலப் பஞ்சத்தைத் தாண்டி அவை பிழைக்க உதவுகிறது; இங்கே பூச்சியும் பழமும் பூவும் ஆண்டு முழுவதும் உண்டு. நாம் வைக்கும் சோற்றுக்குக் கீச்சானோ தேன்சிட்டோ தையல்சிட்டோ வருவதில்லை. காகமும் மைனாவும் மாடப்புறாவும் வரும், அவற்றுக்குப் பின் எலி வரும். காகம் பெருகினால் முதலில் பாதிக்கப்படுவது சின்னானின் முட்டையும் குஞ்சும்தான். அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைப்பது நம் வீடுகளில் முன்னோருக்குச் செய்யும் கடன். அதை விடச் சொல்லவில்லை. இலையில் ஒரு பிடி வைத்து, காகம் உண்டதும் மிச்சத்தை எடுத்துவிட்டால் போதுமானது.

தண்ணீர் வைக்கலாம், வறண்ட பிப்ரவரியில் அது உண்மையில் உதவும். இரண்டு விரல் ஆழத்துக்கு மேற்படாத மண்தட்டு, நடுவில் ஒரு கல், பூனை பதுங்க முடியாத வெளியான இடம். தண்ணீரை நாள்தோறும் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை பொரித்துக் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாளே போதும். முட்டைகள் தட்டின் விளிம்பில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரை மாற்றுவது மட்டும் போதாது. அப்படித் தேய்க்க இயலாது என்றால் தண்ணீர் வைக்காமல் இருப்பதே மேல்.

உணவை விதைத்து வளர்ப்பதே சிறந்தது; அதில் பாதி வேலை உங்கள் வீட்டில் முன்பே முடிந்திருக்கும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் தேன்சிட்டுக்கு. பப்பாளியில் ஒரு காயை மரத்திலேயே பழுக்க விட்டால் சின்னானுக்கும் மாங்குயிலுக்கும் ஆகும். பின்சந்தில் தானாக முளைத்த செரிப்பழ மரம் இருந்தால் வெட்டாதீர்கள், அதன் சிவந்த பழத்துக்கு ஏறக்குறைய எல்லாப் பறவையும் வரும். கறிவேப்பிலையைப் பூக்கும் முன்பே ஒடித்துவிடாமல் ஒரு கிளையையாவது காய்க்க விடுங்கள். பச்சையாக இருந்த கொத்து கறுக்கத் தொடங்கியதும் சின்னான் வரும், அதை விரட்டிக்கொண்டு குயிலும் வரும். காலையில் குரலாக மட்டும் கேட்ட ஆண் குயிலை, சிவந்த கண்ணோடு கைக்கெட்டும் தொலைவில் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பழம் தின்ற பறவைகள் விதையைப் பக்கத்துக் கொல்லைகளில் போட்டுவிடும் என்பதால், அடுத்த மழைக்குப் பின் அண்டைவீட்டாரின் பூந்தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று முளைத்தால் அதன் காரணத்தையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.